சீட்டுக்கட்டு, மெக்கானோ, மாட்டு வண்டி: நூலக ஊழியர்கள் யோசித்த கதை

நூலக ஊழியர் என்றதும் நம் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் வரும். மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். யாராவது கொஞ்சம் சத்தமாகப் பேசினால் நிமிர்ந்து பார்ப்பார். புத்தகத்தை நீட்டினால் தேதி முத்திரை குத்திக் கொடுப்பார். அவ்வளவுதான். "கிரியேட்டிவ்" என்ற வார்த்தையை நாம் சினிமாக்காரர்களுக்கும் விளம்பரக் கம்பெனிக்காரர்களுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். நூலகருக்கும் அந்த வார்த்தைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஆனால் நூலக வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் வேறு ஒரு படம் கிடைக்கிறது. கையில் காசு இல்லாமல், மேலிடத்து ஆதரவு இல்லாமல், சில நேரம் வேலையே பிடிக்காமல் இருந்த ஆட்கள், சாதாரணப் பொருட்களை வைத்து உலகமே பின்பற்றிய யோசனைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கதைகளைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். கடைசியில், அந்தக் கதைகளிலிருந்தே எடுத்த ஐந்து பயிற்சிகளும் உண்டு. நூலகத்தில் வேலை செய்பவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவரிடம் காட்டுங்கள்.

முதலில் ஒரு விளம்பரக்காரர்

யோசிப்பதற்கும் பயிற்சி உண்டு, அதைச் சொல்லிக் கொடுக்க முடியும் என்று பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன். அமெரிக்காவின் பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்றான பிபிடிஓ-வின் பெயரில் வரும் "ஓ" இவர்தான். "பிரெய்ன்ஸ்டார்மிங்" என்று இன்று எல்லாக் கல்லூரிகளிலும் எல்லா அலுவலகங்களிலும் நடத்துகிறார்களே, அது இவர் உருவாக்கியது. 1953-ல் வந்த "அப்ளைடு இமேஜினேஷன்" என்ற புத்தகத்தில் அதை விரிவாக எழுதினார். நான்கு விதிகள்: யோசனை சொல்லும்போது யாரும் குறை சொல்லக்கூடாது, எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, எண்ணிக்கை முக்கியம், அடுத்தவர் யோசனையோடு உங்கள் யோசனையைச் சேர்த்து ஒட்டலாம்.

இதோடு அவர் ஒரு கேள்விப் பட்டியலும் கொடுத்தார். இதை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா? பெரிதாக்கலாமா? சிறிதாக்கலாமா? தலைகீழாக்கலாமா? இதையும் அதையும் சேர்க்கலாமா? பாப் எபர்லே என்பவர் 1971-ல் இந்தப் பட்டியலைச் சுருக்கி "ஸ்கேம்பர்" என்று பெயர் வைத்தார். இன்று நூலக ஊழியர்களுக்கு நடத்தும் பயிற்சி முகாம்களில்கூட இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பர்ன் பிறப்பதற்கு முன்பே நூலகக்காரர்கள் இதையெல்லாம் செய்து முடித்துவிட்டார்கள்! பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சங்கிலியில் கட்டிய புத்தகங்கள்

கதை புரிய வேண்டுமானால், பழைய நூலகம் எதற்காக இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும். ஐரோப்பாவில் மத்திய காலத்தில் ஒவ்வொரு புத்தகமும் கையால் எழுதப்பட்டது. ஒரு புத்தகம் தொலைந்தால் சொத்தே தொலைந்த மாதிரி. அதனால் புத்தகங்களை அலமாரியோடு இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்டு தேவாலயத்தில் அப்படிப்பட்ட நூலகம் ஒன்றை இன்றும் பார்க்கலாம். அங்கே புத்தகத்தின் முதுகு உள்பக்கம் பார்த்திருக்கும். சங்கிலி அட்டையின் முன் ஓரத்தில் மாட்டியிருப்பதால், முதுகை வெளியே வைத்தால் எடுக்கும்போது சங்கிலி சிக்கிக்கொள்ளும்.

அன்றைக்கு நூலகரின் வேலை காவல் காப்பது. அந்தக் காலத்துக்கு அது நியாயம்தான். பிரச்சினை என்னவென்றால், அச்சு இயந்திரம் வந்து, புத்தகம் மலிந்து, சங்கிலி கழன்ற பிறகும் காவல்காரர் மனநிலை மட்டும் போகவில்லை. நூலக வரலாற்றில் வந்த நல்ல யோசனைகளில் பெரும்பாலானவை இந்த மனநிலையோடு போட்ட சண்டைகள்தான்.

சீட்டுக்கட்டின் முதுகில் ஒரு நாடு

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி. அந்த ஆண்டு நவம்பரில் தேவாலயங்களின் சொத்தையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. அதில் நூலகங்களும் அடக்கம். நாடு முழுவதும் மடங்களிலும் தேவாலயங்களிலும் இருந்த லட்சக்கணக்கான புத்தகங்கள் திடீரென்று மக்கள் சொத்தாகிவிட்டன. என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் எடுக்க வேண்டும். ஆனால் காகிதத்துக்குத் தட்டுப்பாடு, அனுபவமுள்ள ஆட்களும் இல்லை.

1791-ல் அரசு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் இருப்பதைச் சீட்டுக்கட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள் என்றது. ஆம், நாம் ரம்மி ஆடும் அதே சீட்டு! அந்தக் காலத்தில் சீட்டின் முதுகில் டிசைன் எதுவும் கிடையாது, வெறுமையாக இருக்கும். கெட்டியான அட்டை, எல்லாம் ஒரே அளவு, எந்த ஊரிலும் கிடைக்கும். இதைவிட வேறு என்ன வேண்டும்? தலைப்பு ரொம்ப நீளமாக இருந்தால் ஏஸ், இரண்டு போன்ற சீட்டுகளில் எழுத வேண்டும், ஏனென்றால் அவற்றில் காலி இடம் அதிகம். ஆசிரியர் பெயரை அடிக்கோடிட்டு, அகர வரிசையில் அடுக்கி, மூலையில் ஊசி நூல் கோத்துக் கட்டி பாரீஸுக்கு அனுப்ப வேண்டும்.

நாடு முழுவதற்குமான அந்தப் பெரிய பட்டியல் கடைசி வரை முழுமையாகவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் யோசனையைப் பாருங்கள். சூதாட்ட மேஜையில் இருந்த பொருளை எடுத்து நூலக மேஜையில் வைத்துவிட்டார்கள். ஆஸ்பர்ன் பட்டியலில் "வேறு எதற்காவது பயன்படுத்தலாமா" என்ற கேள்வி இதுதான்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு வியன்னா அரண்மனை நூலகத்தில் இன்னொரு கூத்து. 1780-ல் காட்ஃப்ரீட் வான் ஸ்வீட்டன் (மொசார்ட்டுக்கு ஆதரவு தந்தாரே, அவரேதான்) நூலகத்துக்குப் புதிய பட்டியல் தயாரிக்கச் சொன்னார். ஊழியர்கள் தனித்தனித் துண்டுத் தாள்களில் விவரம் எழுதிப் பெட்டிகளில் போட்டு வைத்தார்கள். பிறகு அதைப் பெரிய பேரேட்டில் எழுதுவதாகத் திட்டம். பேரேடு வரவே இல்லை! 205 பெட்டிகளே பட்டியலாக நிலைத்துவிட்டன. தற்காலிக ஏற்பாடு என்று நினைத்தது, பேரேட்டைவிட வசதி என்று பிறகு தெரிந்தது. புதிதாக ஒரு புத்தகம் வந்தால் இடையில் ஒரு தாளைச் சொருகினால் போதும். பேரேட்டில் இடையில் எழுத இடம் ஏது?

இருபத்தொரு வயதுப் பையன்

1873. அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் ஒரு மாணவர் உதவியாளராக வேலை பார்க்கிறார். வயது 21. பெயர் மெல்வில் டூயி.

அன்றைக்குப் பெரும்பாலான நூலகங்களில் புத்தகத்துக்கு இடத்தின் எண்தான் கொடுப்பார்கள். மூன்றாவது அலமாரி, நான்காவது தட்டு, ஏழாவது புத்தகம் என்பது மாதிரி. அலமாரி நிறைந்துவிட்டாலோ, நூலகம் வேறு கட்டிடத்துக்கு மாறினாலோ, எல்லா எண்ணையும் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். டூயி என்ன செய்தார்? எண்ணை இடத்துக்குக் கொடுக்காமல் பொருளுக்குக் கொடுத்தார். அறிவு முழுவதையும் பத்தாகப் பிரி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரி, இன்னும் வேண்டுமானால் புள்ளி வைத்துப் பிரித்துக்கொண்டே போ. இந்த யோசனை ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நீண்ட பிரசங்கம் ஒன்றின் நடுவே தோன்றியது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். (வகுப்பில் கவனிக்காதவர்கள் இதை மேற்கோள் காட்ட வேண்டாம்!) 1876-ல் ஆசிரியர் பெயர்கூடப் போடாமல் 44 பக்கத்தில் வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்க நூலகங்களில் அதன் வாரிசுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு. பத்துப் பெட்டிகளையும் முன்கூட்டியே தயார் செய்துவிட்டார் அல்லவா, அந்தப் பெட்டிகள் அவர் உலகத்தின் அளவுக்குத்தான் இருந்தன. மதம் என்ற 200-வது வகுப்பில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு. உலகத்தின் மற்ற மதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 290. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்றே இலக்கம். இரண்டாயிரம் ஆண்டு பழமையான தமிழ் இலக்கியத்துக்கு 894.811. ஆறு இலக்கம் தாண்டி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு வாத்தியார் கொண்டு வந்த மெக்கானோ

அந்தக் கோளாறைச் சரி செய்யக் கிளம்பியவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த ஒரு கணக்கு ஆசிரியர். எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் ஆளை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். போய் உட்கார்ந்தால், வேலையே இல்லை! மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்குப் போய், என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். முதலில் இங்கிலாந்து போய் நூலகப் படிப்புப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

அங்கே லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்தார். பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் வகைப்படுத்தல் பாடம் கற்றார். வகுப்பில் உட்கார்ந்ததோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். தொழிலாளி, குழந்தை, பெண்கள் என்று எல்லோரும் நூலகத்துக்கு வருவதைப் பார்த்தபோதுதான் தன் வேலை என்ன என்று அவருக்குப் பிடிபட்டது.

அப்போதுதான் அந்தப் புகழ்பெற்ற சம்பவம். லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மை செட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட பட்டைகள், சக்கரங்கள், கம்பிகள், நட்டு, போல்ட். அதையே மாற்றி மாற்றி முடுக்கி விற்பனையாளர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பொம்மை செய்து காட்டினார். ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. புத்தகங்களுக்கு முன்கூட்டியே முழுப் பெட்டிகளை ஏன் தயார் செய்ய வேண்டும்? சின்னச் சின்னப் பாகங்களைக் கொடுத்துவிட்டால், எந்தப் புத்தகம் வந்தாலும் அதற்கேற்ற எண்ணை நூலகரே முடுக்கிக்கொள்வாரே!

உதாரணத்துக்கு, தஞ்சை மாவட்டத்தில் 1950-களில் நெற்பயிர் நோய்த் தடுப்பு பற்றி ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். டூயி முறையில் இதற்கு இருக்கிற பெட்டிகளில் ஒன்றைத் தேட வேண்டும். ரங்கநாதன் முறையில் நெல், நோய், தடுப்பு, தஞ்சை, 1950-கள் என்று பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டை எழுதி நடுவே நிறுத்தற்குறி போட்டு இணைக்க வேண்டும். முக்காற்புள்ளிதான் நட்டும் போல்ட்டும். அதனால்தான் 1933-ல் வந்த அந்த முறைக்குக் கோலன் வகைப்பாடு என்று பெயர். பிற்காலத்தில் எந்த விஷயத்தையும் ஐந்து கோணத்தில் பிரிக்கலாம் என்றார்: முதன்மைப் பொருள், அதன் தன்மை, செயல், இடம், காலம்.

இன்று இணையக் கடையில் சட்டை வாங்கும்போது நிறம், அளவு, விலை, பிராண்டு என்று பக்கத்தில் ஒவ்வொன்றாக டிக் செய்கிறோமே, ஒரு பொருளைப் பல கோணத்தில் தனித்தனியாக விவரித்து வைக்கும் அந்த முறையின் மூதாதைகளில் ஒன்று இந்த மெக்கானோ யோசனைதான். பொம்மைக் கடையில் தொடங்கித் துணிக்கடையில் வந்து நிற்கிறது.

ஐந்து விதிகளின் கதையும் சுவாரஸ்யமானது. இங்கிலாந்திலிருந்து திரும்பிய பிறகு, பார்த்த நூலகப் பழக்கவழக்கங்கள் எல்லாம் தலைக்குள் உதிரியாகக் கிடந்தன. கணக்குக்காரர் அல்லவா, இத்தனைக்கும் அடியில் சில அடிப்படை விதிகள் இருக்க வேண்டுமே என்று உருண்டுகொண்டிருந்தார். 1928-ல் ஒரு மாலை, தனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்டு ராஸ் வந்தபோது இந்தக் குழப்பத்தைச் சொன்னார். முதல் விதி புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பதுதானே என்று ராஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாராம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மற்ற நான்கும் மளமளவென்று வந்தன. வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு. புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வாசகர் உண்டு. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். 1931-ல் இது புத்தகமாக வந்தது.

கேட்டால் "இதில் என்ன பெரிய விஷயம்" என்று தோன்றும். நான் பி.காம். படிப்பவன் என்பதால் எனக்கு இது வேறு மாதிரி புரிகிறது. கடையில் விற்காமல் கிடக்கும் சரக்கை டெட் ஸ்டாக் என்போம். பூட்டிய பீரோவில் இருக்கும் புத்தகமும் அதுதான். இருப்புக் கணக்கில் சொத்து மாதிரி தெரியும், யாருக்கும் பயன் இருக்காது. முதல் விதியை ஒருவர் உண்மையிலேயே ஏற்றுக்கொண்டால், பீரோவின் பூட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். ரங்கநாதன் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கும் முறையைக் கொண்டு வந்தது இந்த விதியின் நேரடி விளைவு.

வாசகர் வராவிட்டால்?

இனி வண்டிக் கதை. 1901-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரில் ஒரு நூலகம் திறந்தார்கள். அதன் நூலகர் மேரி டிட்காம். சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாயிகள் வரவில்லை. கடைகளிலும் தபால் நிலையங்களிலும் புத்தகப் பெட்டிகளை வைத்துப் பார்த்தார். அப்போதும் தூரத்துப் பண்ணை வீடுகளுக்கு எட்டவில்லை. 1905-ல் குதிரை வண்டியில் தட்டு அடித்துப் புத்தகங்களை ஏற்றி வீட்டு வாசலுக்கே அனுப்பிவிட்டார்!

வண்டியை ஓட்டியவர் யார் தெரியுமா? நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஊழியர் ஜோஷுவா தாமஸ். அவர்தான் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர், எந்தப் பாதை எங்கே போகும், எந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று அறிந்தவர். முதல் பயணத்திலேயே ஒரு தமாஷ். கறுப்பாக இருந்த வண்டியைப் பார்த்த ஒரு விவசாயி, பிணம் ஏற்றும் வண்டி என்று நினைத்து இங்கே நிறுத்தாதே என்று விரட்டிவிட்டார். உடனே சக்கரத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். 1910-ல் ரயில் மோதி வண்டி உடைந்தது. 1912-ல் மோட்டார் வண்டியாகத் திரும்பி வந்தது.

நம் ஊரில் இதே யோசனை 1931-ல் மாட்டு வண்டியாக வந்தது. மன்னார்குடி பக்கம் மேலவாசலைச் சேர்ந்த பொறியாளர் கனகசபைப் பிள்ளை, புத்தகங்கள் வைக்கிற மாதிரி ஒரு மாட்டு வண்டியை வடிவமைத்தார். ரங்கநாதன் செயலாளராக இருந்து நடத்திய சென்னை நூலகச் சங்கத்தின் இயக்கத்தோடு சேர்ந்து, அக்டோபரில் அந்த வண்டி கிராமங்களுக்குக் கிளம்பியது. மோட்டார் வண்டிக்குப் பணம் இல்லை, அதற்கான சாலையும் இல்லை. மாடு எல்லா ஊரிலும் இருக்கிறது, மண் பாதையில் போகும். கையில் இருப்பதை வைத்து யோசிப்பது என்றால் இதுதான். 1996-ல் கென்யா தேசிய நூலகச் சேவை பாலைவன மக்களுக்கு ஒட்டகத்தில் புத்தகம் அனுப்பத் தொடங்கியபோதும் இதே தர்க்கம்தான். மணலில் லாரி மாட்டிக்கொள்ளும், ஒட்டகம் மாட்டாது.

ஆனால் ஒரு தனிமனிதரின் நல்ல மனதை நம்பி ஓடும் வண்டி எத்தனை நாள் ஓடும்? இதை ரங்கநாதன் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். அதனால்தான் நூலகத்துக்குச் சட்டம் வேண்டும், நிரந்தர வருமானம் வேண்டும் என்று ஆண்டுக் கணக்கில் போராடினார். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் கொண்டு வந்த முதல் மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கும் ஏற்பாடு அதில்தான் வந்தது. நம் வீட்டு வரி ரசீதில் இருக்கும் அந்த நூலக வரிக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டி போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எல்லா யோசனையும் நல்ல யோசனையா?

இல்லை. இதையும் சொல்லாவிட்டால் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும்.

முதலாவது, கூட்டம் போட்டு யோசிப்பது பற்றி. 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூவர் ஆஸ்பர்னின் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்ன யோசனைகளைவிட, தனித்தனியாக உட்கார்ந்த நான்கு பேரின் யோசனைகளைக் கூட்டினால் அதிகமாக இருந்தது! பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொன்னன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், மேலதிகாரி முன்னால் கூச்சம் வேறு.

இரண்டாவது, நுண்படச் சுருள் கதை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் நூலகங்கள் பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு மூலத்தை விற்றன, கழித்தன. இடம் மிச்சம், எவ்வளவு புதுமை! ஆனால் வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளையாகிவிட்டன. பல பக்கங்கள் மங்கலாகப் பதிவாகியிருந்தன. திரும்பிப் பார்க்க மூலம் இல்லை. நிக்கல்சன் பேக்கர் 2001-ல் "டபுள் ஃபோல்டு" என்று ஒரு புத்தகமே எழுதி இதைக் கிழித்தார்.

மூன்றாவது, டூயி. யோசனையில் பெரிய ஆள், நடத்தையில் அப்படி இல்லை. அவர் நடத்திய கிளப்பில் யூதர்களைச் சேர்க்கவில்லை, பெண்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற புகார்களும் இருந்தன. 2019-ல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை எடுக்க முடிவு செய்தது.

ஆக, புதுசாக இருக்கிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை. யாருக்கு லாபம்? வாசகருக்கா, கட்டிடத்துக்கா? ஐந்து விதிகளில் எதற்கு இது உதவுகிறது? இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் செய்தித்தாள்கள் பிழைத்திருக்கும்.

ஐந்து பயிற்சிகள்

இனி நடைமுறைக்கு வருவோம். இவற்றுக்கு முகாம் வேண்டாம், செலவு வேண்டாம். ஒரு கிளை நூலகத்தில் மூன்று பேர் இருந்தாலே செய்யலாம்.

1. தலைகீழாக்கு (டிட்காம் பயிற்சி). உங்கள் நூலகத்தில் தினமும் நடப்பதை ஐந்து வாக்கியமாக எழுதுங்கள். "வாசகர் நூலகத்துக்கு வருகிறார்." "நாங்கள் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்." "அமைதியாக இருக்க வேண்டும்." இப்போது ஒவ்வொன்றையும் தலைகீழாக எழுதுங்கள். ஐந்தில் நான்கு அபத்தமாக இருக்கும். ஒன்று வண்டியாக இருக்கும்.

2. ஸ்டோர் ரூம் பட்டியல் (சீட்டுக்கட்டுப் பயிற்சி). புது நிதி கேட்பதற்கு முன், நூலகத்தில் சும்மா கிடக்கும் பொருட்களை எழுதுங்கள். பழைய அட்டவணைப் பெட்டி, உடைந்த ரேக், பழைய நாட்காட்டி. ஒவ்வொன்றுக்கும் மூன்று வேறு உபயோகம் எழுத வேண்டும். அட்டவணைப் பெட்டி இழுப்பறையில் ஊர்க்காரர்கள் கொண்டு வரும் விதைப் பொட்டலங்களை வைத்து, பக்கத்தில் விவசாயப் புத்தகங்களை அடுக்கலாம். வெளிநாட்டில் பல பொது நூலகங்கள் விதை நூலகம் நடத்துகின்றன.

3. நான்கு குவியல் (மெக்கானோ பயிற்சி). துண்டுச் சீட்டுகளை நான்கு குவியலாக வையுங்கள். முதல் குவியலில் யார்: ஓய்வு பெற்றவர், டிஎன்பிஎஸ்சி-க்குப் படிப்பவர், பூ விற்பவர், மூன்றாம் வகுப்புக் குழந்தை. இரண்டாவதில் எங்கே: பேருந்து நிலையம், ரேஷன் கடை, மருத்துவமனை. மூன்றாவதில் எப்போது. நான்காவதில் என்ன: புத்தகம், வாசித்துக் காட்டுதல், படிவம் நிரப்ப உதவி. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் 1940-களில் இதே மாதிரி ஒரு முறையைப் பயன்படுத்தினார். ஒரு குவியலுக்கு நான்கு சீட்டு என்றாலே 256 சேர்க்கைகள் கிடைக்கும்.

4. முதலில் தனியாக எழுது (யேல் பயிற்சி). கூட்டத்தில் நேராகப் பேச ஆரம்பிக்காதீர்கள். பத்து நிமிடம் எல்லோரும் பேர் போடாமல் தாளில் எழுதட்டும். பிறகு கலந்து படியுங்கள். முக்கியமாகத் துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் எழுத வேண்டும். ஜோஷுவா தாமஸை மறக்க வேண்டாம்.

5. "இல்லை" நோட்டு. மேஜையில் ஒரு நோட்டு வையுங்கள். வாசகரிடம் "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் என்ன கேட்டார் என்று ஒரு வரி. மாதக் கடைசியில் படியுங்கள். கடையில் இதை விடுபட்ட விற்பனை என்போம். எதை வாங்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

கடைசியாக ஒரு விஷயம்

இத்தனை பயிற்சி கொடுத்தாலும் ஊழியர் ஏன் யோசிக்கத் தயங்குகிறார்? சோம்பல் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் நிலைமையில் இருந்து பாருங்கள். அலமாரியைத் திறந்து விட்டு, ஆண்டு இறுதி சரிபார்ப்பில் பத்துப் புத்தகம் குறைந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர். பூட்டி வைத்தால் ஒரு புத்தகமும் தொலையாது, யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். பூட்டுக்குப் பரிசு, திறப்புக்குத் தண்டனை என்று இருந்தால் யார் திறப்பார்கள்?

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ல் விதி 215-ஐப் பாருங்கள். கொடுத்த, பார்வையிட்ட புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து ஓர் ஆண்டில் தொலைந்தால், அது நேர்மையின்மையாலோ அலட்சியத்தாலோ நடக்காத வரை, நியாயமான இழப்பு என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதிதான், ஆனால் இதன் பொருள் பெரிது. வணிகத்தில் வாராக்கடனுக்கு ஒதுக்கீடு வைக்காமல் யாரும் கடன் கொடுப்பதில்லை. புத்தகம் கொடுப்பதும் அப்படித்தான். கொஞ்சம் தொலையும், அது பயன்பாட்டின் செலவு.

யோசனைக்குப் பயிற்சி தேவைதான். அதைவிட, யோசித்தவர் தலையில் நஷ்டத்தைக் கட்டாமல் இருப்பது முக்கியம். ரங்கநாதனுக்கு ஒரு பல்கலைக்கழகம் இங்கிலாந்து போய்வர வழி செய்தது. மேலவாசல் வண்டிக்கு ஒரு பொறியாளர் இருந்தார். உங்கள் ஊர்க் கிளை நூலகருக்கு யார் இருக்கிறார்கள்? வேறு யாரும் இல்லாவிட்டாலும் வாசகர்களாகிய நாம் இருக்கிறோம். அடுத்த முறை போகும்போது, கிடைக்காத புத்தகத்தின் பெயரைச் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள். "இல்லை" நோட்டின் முதல் வரி உங்களுடையதாக இருக்கட்டும்.